சோற்றுக் கழிவும் வண்டி வரும் நேரமும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளில் சோற்றுக் கழிவு என்று ஒரு தொல்லை முன்பு இருந்ததில்லை. அரிசி களைந்த நீரும் காய்த்தோலும் மாட்டின் கழுநீர்த் தாழிக்குச் செல்லும். எஞ்சியது எருக்குழிக்குப் போய்ச் சேரும். இன்றோ சூலூர், பெரியநாயக்கன்பாளையம், சர்க்கார்சாமக்குளம் ஒன்றியங்களில் சோளக்காடுகள் மனைகளாகிவிட்டன. அம்மனை வீடுகளில் மாடும் இல்லை, குழியும் இல்லை. வாசலில் ஒரு கூடை மட்டுமே உண்டு. அதனை யார், எப்பொழுது எடுப்பது என்பதே நம் முன் உள்ள கேள்வி.

மக்கும் குப்பையை வீட்டிலேயே பிரித்தளிக்க வேண்டுமென்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. மக்கள் அவ்வாறு செய்வதில்லை என்று நாம் குறைப்படுகிறோம். தெருவில் சற்று நின்று பார்த்தால் பழி முழுவதையும் அவர்கள்மேல் சுமத்த மனம் வராது. காலை ஷிப்டுக்கு மில்லுக்குச் செல்வோர் விடியுமுன் வீட்டைப் பூட்டிவிடுகின்றனர். தூய்மைக் காவலரின் வண்டியோ ஒன்பது மணிக்கு வருகிறது. காகிதமும் புட்டியும் ஒரு வாரம் காத்திருக்கும். சோறும் குழம்பும் நம் வெயிலில் ஒரு நாளும் காத்திரா. மறுநாள் கூடையில் புழு நெளிகிறது; நாய் அதைக் கவிழ்க்கிறது. மூன்றாம் நாள் யாவும் இரவோடிரவாக வாய்க்காலுக்குப் போகின்றன. இதனினும் கேடு ஒன்று உண்டு. பிரித்துத் தந்த இரு கூடைகளும் ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுவதைக் கண்ட இல்லத்தரசி மறுநாள் எதற்காகப் பிரிப்பார்?

கலந்த குப்பையின் முடிவை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூர் மாநகரின் குப்பை வெள்ளலூரில் மலையாகக் குவிந்தது. காற்றுப்புகாது அழுகும் உணவுக் கழிவிலிருந்து மீத்தேன் என்னும் எரிவாயு பிறக்கும். கசியும் சாறு நிலத்தடி நீரைக் கெடுக்கும். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அக்கிடங்கு பல நாட்கள் எரிந்து, சுற்றுப்புற ஊர்களைப் புகையில் ஆழ்த்தியது. ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு சிறு வெள்ளலூர் உருவாக நாம் இடந்தரலாமா?

குப்பையகற்றுதல் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமை. ஆகவே வண்டியின் நேரத்தைத் தெருவாரைக் கேட்டே குறிக்க வேண்டும். பூட்டிய வீட்டாருக்கெனத் தெருமுனையில் மூடியுள்ள பீப்பாய் ஒன்றை வைத்து, அன்றன்றே காலி செய்யலாம். வண்டியில் தடுப்புப் பலகை இன்றியமையாதது. பேட்டரி வண்டி பழுதாகி நின்றால் முறை முழுதும் நின்றுவிடும். பழுது பார்க்கும் தொகையை முன்னரே ஒதுக்கி வையுங்கள். கையுறையின்றி ஒருவரை இவ்வேலைக்கு அனுப்புவது முறையன்று.

விவசாயிகளுக்கு ஒரு சொல். மீந்த சோற்றை அப்படியே மாட்டுக்கு வைத்துவிடாதீர்கள். அளவுக்கு மிஞ்சிச் சோறு தின்ற மாட்டின் வயிற்றில் புளிப்பேறி உயிருக்கே ஆபத்தாகும். அதனுடன் சேர்ந்து பிளாஸ்டிக் பையும் உள்ளே போய்விடும். எருவாக்குவதே நன்று. ஒரு கூடை சமையற் கழிவுக்கு ஒன்றிரண்டு கூடை காய்ந்த சருகு சேர்த்து, சாணக் கரைசல் தெளித்து, வாரம் ஒருமுறை புரட்டுங்கள். ஈரம் மிகுந்தால் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்க்கழிவு அதை உறிஞ்சும். பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசிவதே சரியான பதம். குவியலின் நடுவே கை வைக்க இயலாத சூடு எழுந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். நாற்றம் எழுந்தால் காற்றுப் போதவில்லை. இரண்டு, மூன்று திங்களில் மண் மணம் வரும். ஆனால் கண்ணாடித் துண்டு கலந்த எருவை எந்த விவசாயியும் தம் காட்டில் இறக்க மாட்டார். அதில் தவறும் இல்லை.

அடுத்த கிராம சபைக்கு வரும்பொழுது தெருவாரியான வண்டி நேரப் பட்டியலை எழுதிக் கொண்டுவாருங்கள். அதைக் கூட்டத்தில் படித்துக் காட்டி, எந்தத் தெரு விடுபட்டது என்று பெண்களையே முதலில் கேளுங்கள்.