பெஞ்சில் உட்கார ஒரு சத்தியாக்கிரகம்
(கே.ஜி.கண்டிகையில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, மதம் மாறுறதப் பத்திப் பேசச் சொன்னாங்க. வழக்கமா 1956ல் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் ஏற்றதிலிருந்து தொடங்குவோம். நான் கொச்சியிலிருந்து தொடங்குறேன்.

மட்டாஞ்சேரியில் 1568ல் கட்டிய பரதேசி யூத ஆலயம் இருக்கு. போனவங்க சீன ஓடு பதித்த தரையைப் பார்த்திருப்பீங்க. யார் எங்கே உட்கார்ந்தாங்கன்னு கேட்டிருக்க மாட்டீங்க.

யூதர் வீடுகளில் அடிமைகளாக இருந்து, யூத மதத்தில் சேர்க்கப்பட்டு, பிறகு விடுவிக்கப்பட்டவர்களையும் அவர்கள் சந்ததியையும் 'மெசுஹ்ராரிம்' என்றார்கள். விடுதலையான அடிமை முழு யூதன் என்பது அவர்களுடைய மதச் சட்டம். மாறி வந்தவரிடம் பழசைக் குத்திக்காட்டக் கூடாது என்பதும் சட்டம். தாவீது ராஜாவின் கொள்ளுப்பாட்டி ரூத்தே வெளியிலிருந்து வந்த மோவாபியப் பெண்தான். ஏட்டில் எல்லாம் இருக்கு. மட்டாஞ்சேரியில் இவர்களுக்குப் பெஞ்ச் கிடையாது. பின்னால் தரையிலோ படியிலோ உட்காரணும். பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. கல்லறையும் தனி. (இது எந்த ஊர் கதை மாதிரி இருக்குன்னு நான் சொல்லணுமா?)

இந்த அடிமைகளின் வழிவந்தவர்தான் ஆபிரகாம் பராக் சேலம், 1882ல் பிறந்தவர். சென்னையில் படித்து வக்கீலானார். 'யூத காந்தி' என்று பேர். 1929 லாகூர் காங்கிரசுக்குப் போனவர், தன் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். தடைகள் ஒவ்வொன்றாக விழ வருஷக்கணக்கு ஆச்சு. அவர் மகன் பரதேசி வீட்டுப் பெண்ணைக் கட்டியதே அப்போ பெரிய கலகம்.

இனி நம்ம எல்லைக்கு அந்தப் பக்கம். குண்டூர் மாவட்டம் கொத்தரெட்டிபாலெம். கிறித்தவர்களாயிருந்த சில மாதிகா குடும்பங்கள், தாங்கள் எப்ராயீம் கோத்திரத்தார் என்று சொல்லி, 1990களின் தொடக்கத்தில் ஒரு யூத ஆலயம் வைத்தார்கள். மாட்டுக்கறியைச் சாதி இந்து தீட்டு என்கிறான். இவர்களோ அதையே இஸ்ரவேல் முன்னோரின் வழக்கத்துக்கு அடையாளமாகக் காட்டுகிறார்கள். இஸ்ரேல் அரசு இன்னும் இவர்களை ஏற்கவில்லை. அந்த வம்சாவளி உண்மையா என்று என்னைக் கேட்காதீங்க. வம்சாவளியைக் காட்டு என்று கேட்கிறவனைத்தான் நான் கேட்பேன். மராட்டியத்திலிருந்து இஸ்ரேல் போன பெனே இஸ்ரவேலரிடமும், கலியாணம் செய்யணும்னா பூர்வீகம் சொல்லு என்றது அங்குள்ள மதபீடம். 1964ல் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் அது பணிந்தது.

எங்க அம்மா ஞானஸ்நானம் வாங்கி முப்பது வருஷம் கோயிலுக்குப் போனாங்க. செத்தப்போ கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் குழி வெட்டினாங்க. சுவர் இன்னும் நிக்குது. வர்ற ஞாயித்துக்கிழமை அங்கே போறோம். வர்றவங்க கூட்டம் முடிஞ்சதும் பேரு கொடுங்க.