தாயின் சம்பளமும் பிள்ளைக் காப்பகச் செலவும்
(ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)

 

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் பெருகியபின், நம் வீட்டுப் பெண்களும் ஷிப்ட் பேருந்தில் ஏறுகின்றனர். ஆயினும் முதற்குழந்தை பிறந்ததும் பலர் வேலையை விட்டுவிடுகின்றனர். "அவள் சம்பளம் பிள்ளையைப் பார்க்கும் ஆளுக்கே போய்விடும்" என்று நாமே கணக்குச் சொல்கிறோம்.

இக்கணக்கு பிழையானது. பிள்ளை இருவருக்கும் உரியது. செலவையும் இருவர் வருமானத்திலிருந்தே கழிக்க வேண்டும். மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் தாய் காப்பகத்திற்கு 5,000 ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் 10,000 ரூபாய் மிஞ்சும். வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமும் தொடரும். வேலையை விட்டால் இவை யாவும் நின்றுபோகும்.

வரிச்சலுகையை நம்பிப் பயனில்லை. காப்பகக் கட்டணத்திற்கெனத் தனி வரிக்கழிவு நம் நாட்டில் இல்லை. இந்த ஊதியத்திற்கு வருமான வரியே வாராது.

நமக்குத் துணை சட்டமே. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண்களுக்கு மேல் பணிபுரியும் இடங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தமோ, ஆண் பெண் எனப் பிரிக்காமல் 50 ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு அக்கடமையை விதித்தது. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று பிள்ளையைக் காணவும் வழி செய்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவ்விரண்டையும் ஏற்றுள்ளது.

ஆகவே, வேலைக்குச் சேரும்போதே காப்பகம் உண்டா எனக் கேளுங்கள். பாட்டிமாரின் உழைப்பும் இலவசமன்று என்பதை மறவாதீர்கள். வேலையை விடுமுன், கணவனும் மனைவியும் ஒருமுறை சேர்ந்தமர்ந்து கணக்கெழுதிப் பாருங்கள்.