‘இனம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு ‘நாம் யார்?’ என்பது. மெய்யியல் படித்தவர் பேசவேண்டிய தலைப்பு இது. ஆனால் இந்தக் கேள்வி வைத்தியர்களிடமும் அடிக்கடி வருகிறது, ஒரு படிவத்தின் வடிவில். இலங்கையின் பிறப்புப் பதிவில் தந்தையின் இனம், தாயின் இனம் என்று இரண்டு கட்டங்கள் நெடுங்காலமாக இருந்துவந்துள்ளன. பிள்ளை பிறந்து ஒரு நாள்கூட ஆகியிராது. பெயர் வைப்பதில் வீட்டில் இன்னும் இழுபறி நடக்கும். இனம் மட்டும் முடிவாகிவிடும். அந்தக் கட்டம் எதைக் கேட்கிறது? உடலில் உள்ள ஒன்றையா, பழைய வரலாற்றையா, அரசாங்கம் வைத்த பெயரையா? மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் உடல். ‘அது இரத்தத்தில் ஊறியது’ என்று நம் ஊரில் சொல்வார்கள். இரத்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழும்; பிறகு அழிந்துபோக, என்பு மச்சை புதியதை உண்டாக்கும். சென்ற வருடம் உங்கள் உடலில் ஓடிய செங்குருதிக் கலங்களில் ஒன்றும் இன்று இல்லை. ஏ, பி, ஓ என்ற இரத்த வகைகள் எல்லா இனத்தவரிடமும் உள்ளன. ஓ வகைக்காரியான ஒரு தமிழ்ப் பெண்ணுக்குத் தன் சொந்தக் கணவனின் ஏ வகை இரத்தம் ஆகாது. முன்பின் தெரியாத ஒரு சிங்கள இளைஞனின் ஓ வகை இரத்தம் பொருந்தும். 1972 இல் றிச்சர்ட் லெவொன்ரின் என்ற மரபியலாளர் மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாடுகளைக் கணக்கிட்டபோது, அவற்றில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே சமூகத்தவருக்குள்ளேயே காணப்படுவதைக் கண்டார். பரம்பரை நோய் ஒன்றைச் சந்தேகிக்கும்போது நாங்கள் கேட்பது குடும்பத்தைப் பற்றியே: தாய்க்கு இருந்ததா, சொந்தத்துக்குள் திருமணமா? படிவத்தில் உள்ள இனப் பெயர் அந்தக் கேள்விகளுக்கு விடை தராது.

அடுத்தது வரலாறு. இதற்கு நாம் தூரம் போகவேண்டியதில்லை. தள்ளாடிப் பாலத்தைக் கடந்தால் மாந்தை. மகாவம்சத்தில் அது மகாதித்த. சம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதீச்சரத்தைப் பாடியபோது அது மாதோட்டம். மடு மாதாவின் சுரூபம் முதலில் மாந்தையிலேயே இருந்தது என்பது கத்தோலிக்க மரபு. இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரன் 1827 இல் எழுதிய குறிப்பொன்றில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரேபியாவிலிருந்து வந்த ஹாஷிம் குலத்தவர் குடியேறிய இடங்களுள் மாதோட்டமும் மன்னாரும் வருகின்றன. நான்கு மரபினரும் அதே மண்ணில் தங்கள் முன்னோரைக் காண்கிறார்கள். அங்கு நடந்த அகழ்வாய்வுகளில் சீன, இஸ்லாமிய நாட்டு மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. கி.பி. 900 – 1100 காலத்துக்குரிய ஒரு கிராம்பும் கிடைத்தது. இன்றைய இந்தோனேசியாவின் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்த கிராம்பு அது. அதை வாங்கியவர் எந்த மொழியில் விலை பேசினார் என்பதைக் கிராம்பு சொல்லாது.

பொருட்கள் பேசாதபோது நாம் நூல்களிடம் போகிறோம். 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன், ரோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் பேசும் மொழி, திருமண வழக்கங்கள், உடல் தோற்றம் முதலியவற்றைக் காட்டி, அவர்கள் மதத்தால் முஸ்லிம்கள், இனத்தால் தமிழர்கள் என்று வாதிட்டார். 1907 இல் ஐ. எல். எம். அப்துல் அசீஸ் அதற்கு நூல்வடிவில் மறுப்பு எழுதி, அராபிய வம்சாவளியை வலியுறுத்தினார். ஜோன்ஸ்ரனின் குறிப்பு இருவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒருவர் அதைத் தள்ளவேண்டிய கதையாகப் படித்தார், மற்றவர் காக்கவேண்டிய சாட்சியாகப் படித்தார்.

ஏன்? நூலுக்கு வெளியேயும் பார்க்கவேண்டும். இராமநாதன் அப்போது சட்டநிரூபண சபையில் தமிழ்ப் பிரதிநிதி. முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்பது அந்நாளைய சூடான கேள்வி. மறுவருடமே ஒருவர் நியமிக்கப்பட்டார். அதனால் இரண்டு நூல்களும் பொய்யாகிவிடா. ஆனால் ‘இவர்கள் யார்?’ என்று ஒரு நூல் சொல்லும்போது, யார் எழுதினார், எதற்காக எழுதினார், எழுதுமுன் யாரைக் கேட்டார் என்று வாசகர் விசாரிக்கவேண்டும். பெண்கள் பாடசாலையில் படித்த நாம் இன்னொன்றையும் கேட்கலாம். வந்தவர்கள் வணிகர்கள், அதாவது ஆண்கள். அவர்களை மணந்து, பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடி, அந்த வீடுகளின் மொழியைத் தமிழாக்கிய பெண்கள் எந்தக் கட்டத்தில் வருகிறார்கள்?

மூன்றாவது, அரசாங்கம் வைக்கும் பெயர். 1911 குடிசன மதிப்பீட்டில்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற இரண்டு தலைப்புகள் முதன்முதலில் பிரிக்கப்பட்டன. அதற்கு முந்திய கணக்கில் ஒரே வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் இப்போது வேறுவேறு வரிசையில் வந்தார்கள். அவர்களுடைய உடலிலோ பேச்சிலோ எதுவும் மாறவில்லை. மாறியது படிவம்.

அப்படியானால் இனம் என்பது வெறும் கற்பனையா? இல்லை. வேப்பமரம் நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் நிற்கும். ஆயிரம் ரூபாய்த் தாளோ நாம் எல்லோரும் அதைப் பணமாக ஏற்பதால் மட்டுமே பணம். ஆனாலும் அதைக் கொடுத்தால் அரிசி கிடைக்கிறது. இனமும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. மனிதர் உண்டாக்கியது; ஆனால் மெய்யான விளைவுடையது.

அந்த விளைவை நம் மாவட்டம் அறியும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள் வீடிழந்தார்கள். பெரும்பகுதியினர் புத்தளத்துக்குப் போனார்கள். நூறு வருடங்களுக்கு முன் ‘நீங்கள் எங்களவரே’ என்று ஒரு தமிழ்த் தலைவர் எழுதினார். பிறகு தமிழரின் பெயரால் துப்பாக்கி ஏந்தியவர்கள் ‘நீங்கள் எங்களவரல்லர்’ என்றார்கள். முன்னது வெறும் வாதம், பின்னது பெருங்கொடுமை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கமுடியாது. ஆயினும் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. முடிவு எடுக்கப்பட்டபோது சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

அந்த வருடம் நான் ஆறாம் வகுப்பு. வகுப்புகள் மறுபடி ஒழுங்காகத் தொடங்கியபோது எங்கள் வாங்கில் மூன்று பேர் இல்லை. அவர்களில் ஒருத்தியைப் பல வருடங்களின் பின் புத்தளத்தில் ஒரு கிளினிக்கில் சந்தித்தேன். மகளுக்கு மருந்தெடுக்க வந்திருந்தாள். பழைய கதையெல்லாம் பேசிவிட்டு, இந்தத் தமிழர் – சோனகர் விவாதத்தைப் பற்றிக் கேட்டேன். “பேசுறது தமிழ், தொழுறது பள்ளியில, ஊர் மன்னார். இதில எதை விடச் சொல்றாய்? எதை எழுதுறதெண்டாலும் என்னட்டக் கேட்டுட்டு எழுது” என்றாள்.

மெய்யியல் நூல்களில் நான் தேடிய விடைக்கு இதுவே மிக அருகில் நிற்கிறது. ‘கேட்டுவிட்டு எழுது’ என்றால் யாரும் நினைத்தபடி எதுவாகவும் ஆகலாம் என்று பொருளில்லை. ஒருவரின் அடையாளத்துக்கு மற்றவர்களின் ஏற்பும் தேவை. அதனால்தான் ஏற்க மறுப்பது அவ்வளவு பெரிய காயமாகிறது.

இனி நம் பாடசாலைக்கு வருவோம். புளூட்டார்க் எழுதிவைத்த பழைய கிரேக்கப் புதிர் ஒன்று உண்டு. தேசியசின் கப்பலில் உக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். அது அதே கப்பலா, வேறா? பேசாலையிலோ வங்காலையிலோ வள்ளம் வைத்திருப்பவரைக் கேட்டால் அதே வள்ளம்தான் என்பார். பலகை மாறலாம், அதை விடாமல் பேணி ஓட்டி வந்த குடும்பம் தொடர்கிறது. நூறு வருடங்களுக்கு முன் இங்கிருந்த மாணவிகள் இன்றில்லை. ஆசிரியர்களும் இல்லை. ஆனாலும் இது அதே பாடசாலை என்றுதான் நூற்றாண்டு கொண்டாடுகிறோம். ஏனெனில் ஒரு தலைமுறை அடுத்ததைத் தன்னுடையது என்று ஏற்றுவந்திருக்கிறது. அந்த ஏற்பு எங்கே அறுந்ததோ, அங்கே பாடசாலையும் கொஞ்சம் அறுந்தது.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இம்மலர் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போகும், மகிழ்ச்சி. புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் போகவேண்டும். படகேறிப் போய் இன்னும் தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களுக்கும் போகவேண்டும். சேர்வு இடாப்பை எடுத்து, 1990 இல் பெயர் நின்றுபோன ஒவ்வொரு மாணவியையும் தேடுவோம். அந்தப் பிள்ளைகள் தாமாக விலகியவர்களில்லை. எங்கள் சங்கத்தில் சேர இங்கு படித்திருந்தால் போதும். அந்தப் படிவத்தில் இனத்துக்குக் கட்டம் கிடையாது. ‘உங்களைப் பற்றி நீங்கள் சொல்ல விரும்புவது’ என்று நான்கு வரி இடம் விடுவோம். அவர்களே எழுதட்டும்.