இலவசம் வேறு, விடுதலை வேறு

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிக் குற்றாலத்தில் நடைபெற்ற இளைஞர் முகாமில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

கணினியைப் பற்றியும் அதைக் கையாளுவதில் வேண்டிய பாதுகாப்பைப் பற்றியும் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நாங்கள் கணினி வல்லுநர் அல்லோம். கரும்பலகையோடும் சுண்ணக்கட்டியோடும் வாழ்நாளைக் கழித்தவர்கள். ஆயினும் பட்டறிவு எங்களுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்திருக்கிறது. அது எங்கள் பிழையால் வந்த பாடம். அப்பிழையை ஒப்புக்கொண்ட பிறகே மற்றவற்றைச் சொல்ல எங்களுக்குத் தகுதி உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் பணியாற்றிய பள்ளியில் உதவித்தொகைக்குரிய ஆதிதிராவிட மாணவர்களின் பட்டியலைத் தயாரித்தோம். பெயர், சாதி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் ஆகிய அனைத்தும் ஒரே தாளில் இருந்தன. தவறு இருந்தால் பெற்றோர் சொல்லட்டும் என்ற நல்லெண்ணத்தில், அத்தாளைப் படமெடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இட்டோம். இரண்டே நாளில் அது பல கைப்பேசிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் ஒரு மாணவியின் தாயாருக்கு அழைப்பு வந்தது. பேசியவன் மகளின் பெயரையும் வகுப்பையும் கணக்கு எண்ணையும் பிழையின்றிச் சொன்னான். “உதவித்தொகை வந்திருக்கிறது, நான் அனுப்பும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்” என்றான். அவரும் போட்டார். பீடி சுற்றிச் சேர்த்த நாலாயிரத்து இருநூறு ரூபாய் ஒரு நொடியில் போயிற்று. மறுநாள் பள்ளிக்கு வந்த அந்த அம்மையார், “சார், உங்க லிஸ்ட்ல இருந்ததை அப்படியே சொன்னான். பள்ளிக்கூடத்துல இருந்துதான் பேசுறாங்கன்னு நெனைச்சேன்” என்றார். அவர் எங்களை நம்பியே ஏமாந்தார்.

அதே பட்டியலைக் கண்டுதான், தன் சாதியை உடன் படிப்போர் அறிந்துகொண்டனர் என்று மற்றொரு மாணவி எட்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. பணத்தை ஆசிரியர்கள் நாங்கள் சேர்ந்து ஈடு செய்தோம். அந்த எட்டு நாளை எதைக் கொண்டு ஈடு செய்வது?

இளைஞர்களே! சாதியை மறையுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தலைநிமிர்ந்து சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லத்தான் வேண்டும். ஆனால், வாடகைக்கு வீடு தேடும்போதும் வேலைக்குப் போகும்போதும் சுற்றி வளைத்து அதைக் கேட்பவர் இன்றும் உளர். யாரிடம், எப்போது, எதற்காகச் சொல்வது என்பதை முடிவு செய்யும் உரிமை நம்முடையதாக இருக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் ஒருமுறை இணையத்தில் பரவினால் அவ்வுரிமை நம் கையை விட்டுப் போகிறது. ஆகவே அந்தரங்கம் என்பது வசதி படைத்தோரின் ஆடம்பரம் அன்று; நமக்கே அது மிகுதியும் தேவை. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள், புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்திற்கும் உள்ளே அதுவும் அடங்கும். அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவு பெற்ற அந்த அரசியலமைப்பு நமக்கு அளிக்கும் காப்பு இது.

இனி, நடைமுறையில் செய்ய வேண்டியவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, ஆதார். எல்லா இடத்திலும் முழு எண் தேவைப்படுவதில்லை. முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து, கடைசி நான்கு மட்டும் தெரியும் ஆதார் படியை ஆதார் ஆணையத்தின் இணையத்தளத்திலிருந்தே எடுக்கலாம். விடுதியில் அறை எடுப்பது போன்றவற்றிற்கு அதைக் கொடுங்கள். எந்தப் படியானாலும், எதற்காகக் கொடுத்தது என்பதையும் தேதியையும் அதன்மேல் எழுதுங்கள்.

இரண்டாவது, பிரவுசிங் சென்டர். விண்ணப்பம் போடப் போகும் பிள்ளைக்குக் கடைக்காரரே மின்னஞ்சல் முகவரி உண்டாக்கி, கடவுச்சொல்லைத் தம் நோட்டில் எழுதி வைப்பதும், தம் கைப்பேசி எண்ணையே கொடுப்பதும் பல ஊர்களில் வழக்கம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் அந்த மாணவரின் கல்லூரிக் கடிதமும் வேலை உத்தரவும் இன்னொருவர் பெட்டிக்குள் வந்து விழுகின்றன. மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் எண்ணும் உங்களுடையவையாக இருக்கட்டும். கடையை விட்டு எழும்போது கணக்கிலிருந்து வெளியேறுங்கள். இறக்கிய சான்றிதழ்களை அழித்து, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் நீக்குங்கள்.

மூன்றாவது, யுபிஐ பின் எண். பணம் அனுப்புவதற்கே அந்த எண் தேவை. பணம் பெறுவதற்குத் தேவையே இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை அந்தத் தாயாருக்கு நாங்கள் முன்பே கற்பித்திருந்தால் அவர் பணம் போயிராது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். விரைந்து சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

நான்காவது, கைப்பேசிச் செயலிகள். டார்ச் விளக்குச் செயலிக்கு உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு? உடனடிக் கடன் தரும் சில செயலிகள், நண்பர்களின் எண்களையும் புகைப்படங்களையும் முன்னரே வாங்கிக்கொண்டு, பின்னர் அவற்றையே காட்டி மிரட்டியதைச் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். செயலி கேட்கும் அனுமதிகளைப் படித்துப் பார்த்து, தேவையற்றதை மறுத்துவிடுங்கள்.

நாம் கூடியிருக்கும் இந்தக் குற்றாலத்தையே எண்ணிப் பாருங்கள். பேரருவியில் குளிக்கப் போகிறவர் பணப்பையை யாரிடம் ஒப்படைக்கிறார்? தம்முடன் வந்தவரிடம். முன்பின் அறியாத ஒருவர், “இலவசமாகக் காத்துத் தருகிறேன்” என்றால் கொடுப்பாரா? இணையத்தில் மட்டும் நாம் தயங்காமல் கொடுத்துவிடுகிறோம். இலவசமாக வரும் சேவைகளுள் பல, நம் விவரங்களையே விலையாகப் பெறுகின்றன.

இங்கேதான் கட்டற்ற மென்பொருள் என்பதை நீங்கள் அறிய வேண்டும். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் தொடங்கிய இயக்கம் இது. மென்பொருளை எந்த நோக்கத்திற்கும் பயன்படுத்தலாம், அது எவ்வாறு இயங்குகிறது என்று திறந்து படிக்கலாம், பிறருக்குப் பகிரலாம், திருத்தி மேம்படுத்தி வெளியிடலாம். இந்நான்கு உரிமையும் உள்ளதே கட்டற்ற மென்பொருள். பூட்டிய பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது செய்தவருக்கே தெரியும். திறந்த பெட்டியை உலகத்தார் யாவரும் சோதிக்கலாம். பெரும்பாலும் விலையின்றிக் கிடைக்கிறது என்றாலும், அதன் சிறப்பு விலையில் இல்லை, உரிமையில் இருக்கிறது.

எழுத்துப் பணிக்கு லிப்ரே ஆபீஸ், இணையம் காண பயர்பாக்ஸ், படம் பார்க்க விஎல்சி, செய்தி அனுப்பச் சிக்னல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. திருட்டுப் பிரதிகளை ஏற்றி, அவற்றோடு வைரஸையும் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில், விண்டோஸுடன் பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. நம் பிள்ளைகளுள் பலர் அதை ஒருமுறையும் திறந்து பார்க்கவில்லை. ஆசிரியர்களாகிய நாங்களும் காட்டித் தரவில்லை. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால், கேரளத்து அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே பாடம் நடக்கிறது. பெங்களூரில் சுதர்சன் லேஅவுட் என்னும் குடிசைப் பகுதியில், அம்பேத்கர் பெயரால் ஒரு சமூகக் கணினி மையத்தை இவ்வியக்கத்து இளைஞர்கள் நடத்தினர். அங்குள்ள பிள்ளைகள் கிம்ப் என்னும் மென்பொருளில் ஓவியம் தீட்டக் கற்றனர். அங்கே முடிந்தது தென்காசியில் முடியாதா?

நம் படிப்பகத்தில் நான்கு பழைய கணினிகள் உள்ளன. அவற்றிலுள்ள விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. புதிய பதிப்பை ஏற்கும் வலு அவற்றிற்கு இல்லை. அவற்றைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். லினக்ஸ் மின்ட் போன்றதை ஏற்றினால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். அதற்கு நம் இளைஞர் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் போதும்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். ஓடிபியை நாமே வாய்விட்டுச் சொன்னால் எந்த மென்பொருளும் நம்மைக் காக்காது. பட்டியலை நாமே பரப்பினால் எந்தப் பூட்டும் பயன்படாது. எனவே சங்கத்திடம் இரு வேண்டுகோள் வைக்கிறோம். உதவி பெறும் மாணவரின் பெயர்ப்பட்டியலை இனி எந்தக் குழுவிலும் இட வேண்டாம். உரியவரிடம் மட்டும் தனித்தனியே தெரிவிப்போம். மாதம் ஒரு மாலை, பீடி சுற்றும் தாய்மார்களை அழைத்துக் கைப்பேசிப் பாதுகாப்பைக் கற்பிப்போம்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழையும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கினர். பிறர் இதழில் இடம் கிடைக்கும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அக்காலத்துக் கருவி அச்சு. இக்காலத்துக் கருவி கணினி. இலவசமாகக் கொடுத்ததை வாங்கிக்கொள்வதோடு நாம் நிற்க வேண்டாம். கொடுத்த கருவியின் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்கவும் பழகுவோம்.