கடலடித் தரையும் கரையோர அதிகாரமும்



எனக்கு முன் இந்த ஆசனத்தை அலங்கரித்தவர்களின் பெயர்களை அழைப்பிதழின் பின்புறத்தில் வரிசையாக அச்சிட்டிருப்பதைப் பார்த்தபோது, நிர்வாகக் குழுவினர் என்மீது கொண்ட அபிமானம் சற்றே அளவு மீறிவிட்டதோ என்ற கலக்கம் உண்டாயிற்று. ஆயினும் மறுப்பதற்கு வேண்டிய துணிவும் என்னிடம் இல்லாதபடியால், நன்றியோடும் ஓரளவு அச்சத்தோடும் இங்கே நிற்கிறேன்.

கிராமப்புற மீன் பண்ணைகளும் வனவிலங்குப் பரிபாலனமும் அரசாங்க மேற்பார்வையும் என்பது மாநாட்டின் பொருள். அதற்கு உதாரண தேசமாக ஸ்காட்லாந்தைக் குழுவினர் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 1965-இல் லோக் ஐலார்ட் கடற்கழியில் யூனிலீவர் கம்பெனி சால்மன் வளர்ப்பைப் பரீட்சித்துப் பார்க்கத் தொடங்கிய வரலாற்றையும், கடற்பேனின் ஜீவிய சரித்திரத்தையும் இந்தச் சபையில் விஸ்தரிப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய செம்மான் கமிஷன் 2010-இல் வேறொரு நிறுவனத்துக்குள் கரைந்துபோன கதையையும் நாளைக் கட்டுரை வாசிப்போரிடமே விட்டுவிடுகிறேன்.

எனக்குச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றே. சால்மன் பண்ணைகளின்மீது உள்ளூர் அதிகாரம் ஏற்பட்டது 2007-இல்தான் என்று நம் நூல்களெல்லாம் ஒரே குரலில் சொல்லி வருகின்றன. பெருநிலப்பரப்பின் கரையைப் பொறுத்தவரை அது மெய்யே. வலைக்கூண்டை நங்கூரமிடக் கடலடித் தரை வேண்டும். அத்தரை முடியரசின் சொத்து. அதனை நிர்வகித்த கிரவுன் எஸ்டேட் கமிஷனர்கள் குத்தகையும் கொடுத்து, வாடகையும் வாங்கி, அவ்விடத்தில் பண்ணை அமையலாமா கூடாதா என்பதையும் தாமே முடிவு செய்தார்கள். பிறரை ஆலோசனை கேட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் வாடகை வாங்குகிறவரே தீர்ப்பும் சொல்லுகிற விபரீதம் 2007-இல் திட்ட அனுமதி ஊராட்சி மன்றங்களின் கைக்கு மாறும் வரையில் நீடித்தது.

ஷெட்லாந்துத் தீவுகளிலோ நிலைமை வேறு. வட கடலில் எண்ணெய் கிடைத்து, சல்லம் வோ குடாவில் பெரும் எண்ணெய்த் துறைமுகம் அமையப்போகிறது என்று தெரிந்தவுடனே, கம்பெனிகளுக்குத் தங்கள் கரையை எழுதிக் கொடுத்துவிட்டு வாய்பொத்தி நிற்க விரும்பாத அத்தீவினர், 1974-இல், ஷெட்லாந்தின் பழைய பெயரைத் தாங்கிய ஜெட்லாந்து கவுண்டி கௌன்சில் சட்டம் என்ற தனிச் சட்டத்தைப் பார்லிமெண்டில் பெற்றுக்கொண்டார்கள். கௌன்சிலின் உரிமமின்றி அக்கரையோரக் கடலில் எவரும் எதையும் நிறுவலாகாது என்பது அதன் ஒரு பகுதி. அதை வரைந்தவர்களின் மனத்தில் சால்மன் மீன் இருந்திருக்க நியாயமில்லை. பின்னர்க் குடாக்களில் கூண்டுகள் மிதக்கத் தொடங்கியபோது, எண்ணெய்க்காக எழுந்த அந்த அதிகாரமே அவற்றையும் தன் கீழ்க் கொண்டது.

மதிப்பிற்குரிய நண்பர் ஒருவர், இது ஒரு துறைமுகச் சட்டமேயன்றி வேறில்லை என்றும், தற்செயலாகக் கிடைத்த அதிகாரத்தை மேற்பார்வை என்று கொண்டாடுவது என் பழைய பலவீனம் என்றும் இதே சபையில் சொல்லியிருக்கிறார். அவருடைய பாண்டித்தியத்தை நான் வணங்குகிறேன். ஆனால் 1991-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்ட அறிக்கைகளில் பதிவாகியுள்ள ஷெட்லாந்து சால்மன் வளர்ப்போர் சங்கத்தின் வழக்கை அவர் நிதானமாகப் படித்திருக்கலாம். 1469-இல் டென்மார்க் மன்னன் மகளின் சீதனத்துக்காக அடகு வைத்த தீவுகளில் பழைய நார்வேச் சட்டமே செல்லும், ஆகவே கடலடித் தரை முடியரசின் சொத்தன்று என்று வாதித்தவர்கள், சுற்றுச்சூழல்வாதிகள் அல்லர், வாடகை கொடுக்க மனமில்லாத பண்ணைக்காரர்களே! கோர்ட்டு முடியரசின் பக்கமே தீர்ப்பளித்தது. அதனால் நிலைத்தது என்னவென்றால், ஷெட்லாந்தில் பண்ணை வைப்பவன் சொந்தக்காரரிடம் குத்தகையும் ஊராரிடம் உரிமமும் தனித்தனியே பெற வேண்டும் என்பதுதான். அந்தப் பிரிவினைக்காகப் பெருநிலக் கரை பின்னும் பல ஆண்டுகள் காத்திருந்தது.

கடல்நாயைக் காத்தது கௌன்சிலின் உரிமமன்று, வேறு சட்டங்களே என்று காட்டி என்னை மடக்குவது நண்பரின் வழக்கம். 1970-ஆம் ஆண்டுச் சட்டம் வலையருகே வந்த கடல்நாயைச் சுட இடங்கொடுத்தது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு லைசென்ஸ் வைத்தது. 2021 பிப்ரவரி முதல் பண்ணை மீனைக் காக்கவென்று லைசென்ஸ் தருவதே நின்றது. கடல் பாலூட்டிகளை வேண்டுமென்றே கொல்லும் தேசத்து மீனை இறக்கவிடோம் என்ற அமெரிக்க விதி இதற்குப் பெரிய தூண்டுகோல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துப்பாக்கி என்றைக்குக் கௌன்சிலின் பொறுப்பாக இருந்தது? கடல்நாய் தொய்ந்த வலையைக் கீழிருந்து முட்டி, அடியில் தேங்கிய செத்த மீன்களால் ஈர்க்கப்பட்டு, வலைக்கண்ணின் வழியாகவே உயிர்மீனையும் கடித்து இழுக்கிறது. வலையை இறுக்கிக் கட்டுவதும், செத்ததை உடனுக்குடன் அகற்றுவதும் பண்ணைக்காரன் வேலை. அப்பிராணிகள் கரையேறிப் படுக்கும் பாறைகளுக்கு எவ்வளவு தூரத்தில் கூண்டு நிற்பது என்பதோ இடம் குறிக்கிற அன்றே முடிவாகிவிடுகிற விஷயம். வழக்கின் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது என்பேன்.

அவருடைய வலுவான வாதம் வேறொன்று: ஷெட்லாந்தில் காட்டு சால்மன் ஏறிவரும் பேராறுகள் இல்லை, ஆகையால் மேற்குக் கரைக்கு அதன் அனுபவம் பாடமாகாது. பண்ணையிலிருந்து காட்டு மீனைப் பற்றும் கடற்பேன் விஷயத்தில் அது சரியே. பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மன் 2023-இல் அழியும் அபாயத்திலுள்ள இனமாகக் குறிக்கப்பட்ட பின், 2024 முதல் கடற்பேன் பொறுப்பைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்ததை நான் குறைகூறவில்லை. பேன் கணக்கு விஞ்ஞானிகளின் வேலை. ஆனால் அந்தக் கணக்கைக் காட்டியே, கூண்டு எந்தக் குடாவில் நிற்பது என்ற முடிவையும் கரையோரத்தாரிடமிருந்து மெல்ல எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இன்று பேசப்படுவதைக் கேட்கையில், 1974-இல் அத்தீவினர் எண்ணெய்க் கம்பெனிகளைக் கண்டு அஞ்சியதைக் காட்டிலும் அதிகமாக அஞ்ச வேண்டியிருக்கிறது.

மேற்படி நண்பர் முதல் வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார். நான் எடுத்துக்கொண்ட அதிகப்படி நேரத்தை அவருடைய நேரத்திலிருந்து கழித்துவிட வேண்டாம் என்று காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.