மலையேறும் மின்சாரக் கார்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாக வரும் பெருந்தெரு, பெரகலச் சந்தியில் இரண்டாகக் கிளைக்கின்றது. ஒரு கிளை அப்புத்தளை மேட்டை நோக்கி ஏறிப் பண்டாரவளைக்கும் பதுளைப் பக்கத்துக்கும் செல்கின்றது. மற்றது கொஸ்லந்தையையும் தியலும நீர்வீழ்ச்சியையும் கடந்து வெல்லவாயச் சமவெளிக்கு இறங்குகின்றது. பெற்றோல் வண்டியில் வருபவர் இச்சந்தியில் கேட்பது, “இன்னும் எத்தனை கிலோமீற்றர்?” என்பதே. மின்சாரக் காரில் வருபவரோ, “இன்னும் எவ்வளவு உயரம்?” என்றும் கேட்டாக வேண்டும். மலைநாட்டில் அத்தகைய காரை வைத்து ஆள்வதற்கு முதற்கண் வேண்டுவது உயரக் கணக்கு. அடுத்து வேண்டுவது, இரவில் காரை நிறுத்தி மின்னேற்றுவதற்குச் சொந்தமான ஓர் இடம்.

மின்சாரக் கார் புதுமையானதன்று. 1900ஆம் ஆண்டிற்கு முன்னரே ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் அது ஓடியது. பெற்றோல் மலிவும், 1912இல் கெடிலாக் காரில் வந்த தானியங்கும் தொடக்கியும் அதனை ஒதுக்கின. இலிதியம் அயன் பற்றரி அதனை மீண்டும் தெருவுக்குக் கொணர்ந்தது. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் என்னும் கார், வரிச் சலுகையின் பயனாக 2014, 2015ஆம் ஆண்டுகளில் இலங்கைக்குப் பெருந்தொகையாக வந்தது. 2015 நவம்பரில் முன்வைக்கப்பெற்ற வரவுசெலவுத் திட்டம் அவ்வரியை உயர்த்தியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பெற்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையே 2022ஆம் ஆண்டு வந்தது. பெற்றோலுக்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற அந்த ஆண்டில், மின்சாரக் கார் வைத்திருந்தோர் வரிசையினின்றும் தப்பினர். ஆயின் அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டும் வந்தது. ஒரு கதவு திறந்திருக்க, மற்றொரு கதவு அடைபட்டது.

இனி உயரக் கணக்கைக் காண்போம். நால்வர் ஏறிய சிறிய மின்சாரக் காரின் நிறை ஏறத்தாழ 1,750 கிலோகிராம். அந்நிறையை 1,000 மீற்றர் உயர்த்துவதற்கு இயற்கை விதிப்படி ஏறத்தாழ 5 யூனிட் மின்சாரம் வேண்டும். மோட்டாரிலும் பற்றரியிலும் நேரும் இழப்பைச் சேர்த்தால் ஐந்தரை யூனிட் ஆகும். சமதரையில் ஒரு யூனிட் ஆறு, ஏழு கிலோமீற்றர் ஓட்டும். ஆகவே ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும், தெருவின் தூரத்தோடு மூன்று அல்லது நான்கு கிலோமீற்றரைக் கூட்டிக்கொள்ளல் வேண்டும். வெல்லவாயவிலிருந்து அப்புத்தளைக்கு ஏறுதல் ஏறத்தாழ 1,200 மீற்றர். அந்த ஏற்றம் மட்டும் நாற்பது கிலோமீற்றர் ஓட்டத்தை விழுங்கிவிடும்.

பழைய லீஃப் காரின் பற்றரி 24 யூனிட் கொள்ளளவுடையது. புதிதாயிருந்தபோது அமெரிக்க அரசின் சோதனையில் அது ஒரு முழு மின்னேற்றத்தில் 117 கிலோமீற்றர் ஓடியது. கொழும்பிலிருந்து அப்புத்தளையோ 170 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. ஆதலின் இடைவழியில் மின்னேற்றாமல் அது மலைமேல் வந்து சேராது. இங்கே விவேகம் யாதெனில், ஏற்றம் தொடங்குமுன் நிரப்பிக்கொள்வதே. கார் காட்டும் எஞ்சிய தூரக் கணக்கு, கடந்து வந்த சமதரையின் பழக்கத்தை வைத்துச் சொல்லப்படுவது. வரவிருக்கும் மலையை அது அறியாது. மழைக்காலத்தில் மண்சரிவினால் பாதை அடைபட்டுச் சுற்றுவழி செல்ல நேரிடுவதும் உண்டு. எனவே கடைசித் துளிவரை எண்ணிப் புறப்படுதல் தகாது.

மலை வாங்கியதை முழுவதும் வைத்துக்கொள்வதில்லை. இறங்கும்போது ஒரு பங்கைத் திருப்பித் தருகின்றது. சரிவில் சக்கரமே மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் மின்பிறப்பாக்கியாகிப் பற்றரியை நிரப்புகின்றது. ஏறச் செலவிட்டதில் பாதிக்கு மேற்பட்டது இவ்வாறு மீளக்கூடும். சில கார்களின் கியர்த் தண்டில் ‘பி’ என்னும் எழுத்தால் குறிக்கப்பெறும் நிலை இதற்கே உரியது. ஆனால் நிறைந்த குடத்தில் நீர் வார்க்க இயலாது. அப்புத்தளையில் இரவு முழுவதும் மின்னேற்றி, விளிம்புவரை நிறைந்த பற்றரியோடு காலையில் வெல்லவாய நோக்கி இறங்குபவருக்கு அந்த மின்சாரப் பிடிப்புக் கிட்டாது. பாரம் முழுவதும் சாதாரணப் பிரேக்கின் மீதே விழும். நீண்ட சரிவில் பிரேக் சூடேறித் தளர்தல் ஆபத்தானது. ஆகவே மேட்டில் வசிப்போர் நூற்றுக்கு எண்பது அளவில் நிறுத்திக்கொள்ளல் நன்று. பற்றரியின் ஆயுளுக்கும் அதுவே நலம்.

வீட்டில் மின்னேற்றுவது எங்ஙனம்? பதின்மூன்று அம்பியர் செருகியில் பொருத்தும் சிறு மின்னேற்றி மணிக்கு இரண்டேகால் யூனிட் அளவு தருகின்றது. வெறும் பற்றரி நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேலாகும். அன்றாட ஓட்டத்தை ஈடுசெய்யச் சில மணி நேரமே போதும். கேத்தல் சில நிமிடங்களில் அணைந்துவிடும். காரோ இரவு முழுவதும் ஓய்வின்றி மின்சாரத்தை இழுக்கும். தளர்ந்த செருகியும் மெல்லிய பழங்கம்பியும் அதனைத் தாங்கா, சூடேறிக் கருகும். மானியிலிருந்து தனியே இழுத்த தடித்த கம்பி, நல்ல நிலத்தொடுப்பு, கசிவு கண்டால் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் ஆகிய மூன்றையும் தகுதி பெற்ற மின்வினைஞர் கொண்டு அமைத்தல் வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் ஊவா மலைகளில் இடி முழங்கும் மாலைப்பொழுதுகளில் செருகியைக் கழற்றிவிடுதல் வேண்டும்.

நேரமும் கருதற்பாலது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டின் மின்தேவை உச்சத்தில் நிற்கும். எண்ணெய் எரித்தும் மின்சாரம் பிறப்பிக்க நேரும். நேரவாரிக் கட்டண முறையில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரையுள்ள வேளையே மலிவானது. அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு அண்டை மலைகளின் நீரிலிருந்தே பிறக்கின்றது. பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவ நிலையம் 1992இலும், ஊமா ஓயா நிலையம் 2024 ஏப்ரலிலும் திறக்கப்பெற்றன. ஒவ்வொன்றும் 120 மெகாவாற்று ஆற்றலுடையது. ஊமா ஓயாச் சுரங்கம் தோண்டப்பெற்றபோது பண்டாரவளைப் பகுதிக் கிணறுகள் வற்றியதை அவ்வூரார் மறவார். புகையில்லாக் காருக்கும் எங்கோ ஒரு விலை கொடுக்கப்படுகின்றது என்பதை நினைவிற் கொள்ளுதல் தகும்.

பழைய கார் வாங்குவோர் மேற்பூச்சைக் காட்டிலும் பற்றரியையே பார்த்தல் வேண்டும். லீஃப் காரின் முகப்பில் பற்றரியின் நலத்தைப் பன்னிரண்டு கோடுகள் காட்டும்; ஒரு கோடு மறைந்ததாயின் கொள்ளளவில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு போய்விட்டதென்பது பொருள். வெப்பம் பற்றரிக்குப் பகை. அவ்வகையில் அப்புத்தளைக் குளிர் அதற்கு நட்பு. விரைவு மின்னேற்றும் செருகிகளும் காருக்குக் கார் வேறுபடும். ஜப்பானிய லீஃப் ஏற்கும் செருகியைப் புதிய கார்கள் பல ஏற்பதில்லை. புறப்படுமுன் வழியிலுள்ள நிலையத்தில் தக்க செருகி உண்டா என்று விசாரித்தல் கடமை.

இவையெல்லாம் சொந்த முற்றமும் சொந்த மானியும் உடையார்க்குரிய கணக்குகள். தோட்டத்து லயன்களிலோ பல இடங்களில் வண்டிப் பாதை மேலேயே நின்றுவிட, வாசலுக்குப் படிக்கட்டே செல்கின்றது. பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் அவ்வறைகளின் கம்பிகள், இரண்டு விளக்கையும் ஒரு வானொலியையும் எண்ணி இழுக்கப்பெற்றவை போன்றவை. தோட்டத்தில் பிறந்து ஆசிரியராகவோ, வணிகராகவோ, முச்சக்கர வண்டியோட்டியாகவோ தலையெடுத்த இளைஞர் மின்சார வாகனம் வாங்கினும், அதனை எங்கே கட்டிவைத்துத் தீனி கொடுப்பர்? ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் கிடைத்தோர்க்கு வழியுண்டு. ஏனையோர்க்கு, பாதை முடியுமிடத்தில் தனி மானியோடு கூடிய பொதுச் செருகி ஒன்றை அமைத்து, பயன்படுத்திய யூனிட்டுக்கு ஏற்பச் செலவைப் பகிர்தல் இயலும். மும்முனை மின்சாரம் வரும் தேயிலைத் தொழிற்சாலையின் அயலில் அதனை அமைப்பது மேலும் எளிது.

மின்சாரக் காரின் சிக்கனம் உண்மையானது. எனினும் அது வீட்டோடு ஒட்டிய சிக்கனம். பெற்றோல் வண்டிக்குத் தெருவோரத்துப் பம்பு போதும். இதற்கோ இரவில் நிற்க ஓர் இடமும், பாதுகாப்பான ஒரு கம்பியும் வேண்டும். மலைநாட்டில் ஒரு குடும்பத்திற்குச் சொந்த நிலம் கிடைக்கும்போது, அந்தக் குடும்பத்தின் வாகனத்திற்கும் அங்கே வழி பிறக்கின்றது.