பதினாறுக்குப் பிறகு



பாலசமுத்திரத்தைத் தாண்டி மலையடிவாரத்தை நோக்கிப் போனால் பொருந்தல் என்ற ஊர் வரும். பழனி வட்டாரத்துக்காரர்களுக்குத் தெரிந்த ஊர்தான். 2009, 2010 ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய பழைய ஈமக்குழி ஒன்றைத் திறந்தபோது, ஆயிரக்கணக்கான மணிகளும், எழுத்துப் பொறித்த ஒரு தாங்கியும், நான்கு கால் வைத்த ஒரு மண்ஜாடியும் கிடைத்தன. ஜாடிக்குள் இருந்தது நெல். ஏறக்குறைய இரண்டு கிலோ. அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் அந்த நெல்லைச் சோதித்துச் சொன்ன காலம் கி.மு. 490.

எழுத்து எவ்வளவு பழையது என்பது பற்றி அப்போது பத்திரிகைகள் நிறைய எழுதின. எழுத வேண்டிய விஷயம்தான். எனக்கு நெல்தான் மனதில் நின்றது. விளைந்த நெல்லில் இரண்டு கிலோவை யாரோ எடுத்து, ஜாடியில் நிரப்பி, செத்துப்போனவர் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு நாம் வாய்க்கரிசி போடுகிறோம். அதுவும் இதுவும் ஒரே சடங்கு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம்மை விட்டுப் போனவருக்கு வெறுங்கையோடு விடை கொடுக்க மனசு வராது என்பது மட்டும் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாக இந்த மண்ணில் மாறவில்லை.

சாவு வீட்டில் நம் ஜனங்கள் எல்லோருக்கும் ஒரு வேலையைப் பிரித்துக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. எழவு வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் பக்கத்து வீடுகளில் சோறு பொங்கும். தாய்வீட்டார் கோடி எடுத்து வர வேண்டும். பங்காளிகள் நிற்க வேண்டிய இடம் வேறு, சம்பந்திகள் செய்ய வேண்டியது வேறு. சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல ஒருவர், சாமியானாவுக்கும் ஐஸ் பெட்டிக்கும் ஒருவர், குழி வெட்டவோ கட்டை அடுக்கவோ ஆள் பார்க்க ஒருவர். என்ன பேசுவது என்று தெரியாமல் தவிக்கிறவருக்கும் செய்ய ஏதாவது ஒன்று இருக்கும். அழ வேண்டியவர்கள் அழுவதற்கு ஒப்பாரி இருந்தது. பாட்டிலேயே செத்தவரிடம் சண்டை போடலாம், கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்கலாம், புகுந்த வீட்டில் பட்ட பாட்டையெல்லாம் கொட்டலாம். கேட்டுக்கொண்டிருக்கும் யாரும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள். இப்போது ஒப்பாரி தெரிந்த பாட்டிகள் குறைந்துவிட்டார்கள். கண்ணீர் அஞ்சலி பேனர் மட்டும் பெரிதாகிவிட்டது.

மூன்றாம் நாள், எட்டாம் நாள், பதினாறாம் நாள் கருமாதி என்று அந்த வீடு தனியாக இருக்கவே முடியாதபடி ஒரு ஏற்பாடு இருக்கிறது. பதினாறு முடிந்ததும் சாமியானாக் கம்பைப் பிடுங்கிவிடுவார்கள். சென்னையிலும் திருப்பூரிலும் இருந்து வந்தவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். நம்முடைய ஏற்பாடு அதோடு நின்றுவிடுகிறது. பதினேழாம் நாளைப் பற்றி நாம் யாரும் யோசித்து வைக்கவில்லை. இன்றைக்கு நான் பேச வந்தது அந்தப் பதினேழாம் நாளைப் பற்றித்தான்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஓர் அம்மா. தென்னையும் கொஞ்சம் நெல்லும், இரண்டு கறவை மாடும். வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். பதினாறுவரைக்கும் அந்த அம்மா நன்றாகத்தான் அழுதார்கள், வந்தவர்களிடம் பேசவும் செய்தார்கள். அதற்கப்புறம் ஒரு நாள் வரப்பில் நின்றுகொண்டு, "ஏனுங்க, இந்த மோட்டாரை எப்படிப் போடறதுன்னே எனக்குத் தெரியலைங்க. இத்தனை வருசமா அவருதானே போட்டாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதார்கள். சுடுகாட்டுக்கு எடுத்தபோதுகூட அப்படி அழவில்லை.

புருஷன் இல்லை என்பது ஒரே நாளில் தெரிந்துவிடுவதில்லை. மோட்டார் ஸ்டார்ட்டர் முன்னால் நிற்கும்போது தெரிகிறது. பால் சொசைட்டியில் புத்தகம் அவர் பேரில் இருப்பதைப் பார்க்கும்போது தெரிகிறது. தேங்காய் வியாபாரி வந்து, "அண்ணன்கிட்ட முன்பணம் குடுத்திருந்தேன்" என்று சொல்லும்போது, அது எவ்வளவு, எப்போது கொடுத்தது, எதுவுமே தெரியாமல் நிற்கும்போது தெரிகிறது. உரக்கடை பாக்கி, கூலி ஆள் கணக்கு, ராத்திரியில் மும்முனைக் கரண்ட் வரும் நேரம், ஒவ்வொன்றிலும் அந்த மனுஷன் திரும்பத் திரும்பச் சாகிறார்.

தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவர் அடுத்த நாளிலிருந்து தினமும் மாலையில் தோட்டத்துக்கு வந்தார். "விடு கண்ணு, நான் காட்டறேன்" என்றார். பச்சைப் பொத்தான் எது, சிவப்பு எது, ஒரு பேஸ் போய்விட்டால் மோட்டார் உறுமிக்கொண்டு மட்டும் இருக்கும், உடனே அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காயில் கருகிவிடும், இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். செத்தவரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை. விதி என்று சொல்லவில்லை. ஆறுதல் என்ற பெயரில் எதுவுமே சொல்லவில்லை. அந்த அம்மா தானாக மோட்டார் போடப் பழகும்வரை வந்தார், அப்புறமும் சும்மா ஒரு நடை வந்து போனார். இரக்கம் என்றால் எனக்கு இப்போதெல்லாம் அவருடைய முகம்தான் நினைவுக்கு வருகிறது.

நம் மாவட்டத்தில் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டிய ஒருவரைச் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் சாலையில் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம் இருக்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் டாக்டர் சௌந்தரம். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். 1904இல் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம் ஆகி, இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அந்த நாளில் அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு எழுதி வைத்திருந்த வாழ்க்கை, வீட்டின் உள்கட்டில் ஒரு மூலை. அவருக்குப் படிப்பு கிடைத்தது. டெல்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936இல் டாக்டர் ஆனார். காந்தியின் சீடரான ஜி. ராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது, ஒரு வருஷம் இருவரும் பிரிந்திருங்கள், அதற்குப் பிறகும் இதே மனசு இருந்தால் செய்துகொள்ளுங்கள் என்றார் காந்தி. 1940இல் அவருடைய ஆசியோடு கல்யாணம் நடந்தது. விதவை மறுமணம் என்றாலே ஊர் தள்ளிவைக்கும் காலம் அது.

இதே காலத்தில் காந்திக்கும் பெரிய இழப்புகள். புணேயில் ஆகாகான் மாளிகைச் சிறையில் 1942 ஆகஸ்டில் அவருடைய செயலாளர் மகாதேவ தேசாய் போனார், 1944 பிப்ரவரியில் கஸ்தூரிபா போனார். அறுபது வருஷத்துக்கு மேல் கூடவே வாழ்ந்த மனைவி. கஸ்தூரிபா பேரில் நாடு முழுக்க நிதி திரண்டது. அந்தப் பணத்தில் சிலை வைக்கவில்லை. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று ஓர் அறக்கட்டளை ஆக்கினார்கள். அதன் தமிழ்நாட்டுப் பொறுப்பு டாக்டர் சௌந்தரத்திடம் வந்தது. 1947இல் காந்திகிராமம் பிறந்தது. சின்ன அளவில் தொடங்கிய கஸ்தூரிபா மருத்துவமனையில் எத்தனையோ தாய்மார்களுக்குப் பிரசவம் நடந்தது. பெற்றவர் இல்லாத குழந்தைகளுக்கு அங்கே ஒரு வீடு கிடைத்தது. துணையற்ற பெண்களுக்குத் தொழில் கிடைத்தது. டாக்டர் சௌந்தரம் 1962இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போய், மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். 1984இல் காலமானார். காந்திகிராமம் இன்னும் இருக்கிறது.

சௌந்தரம் அம்மாவைப் பற்றிப் பேசும்போது, தன் துக்கத்தை மறந்து சேவை செய்தார் என்று சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மறந்தவருக்கு இன்னொரு பெண்ணின் நிலைமை எப்படித் தெரியும்? நினைவில் வைத்திருந்ததால்தான், புருஷன் போன பெண்ணுக்கு என்னென்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. படிப்பு, கையில் ஒரு தொழில், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம், தலை நிமிர்ந்து நடக்க ஒரு வழி.

அதற்கு நேர்மாறாக நம் வீடுகளில் இன்னும் ஒன்று நடக்கிறது. வளையலை உடைத்து, பொட்டை அழித்து, கல்யாண வீட்டில் பின்வரிசையில் உட்கார வைத்து, தாலி கட்டும் நேரத்தில் எதிரே வராதே என்று சொல்கிறோம். பெற்ற மகள் கல்யாணத்தில்கூட ஒதுங்கி நிற்கும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். சாவு ஒரு தரம் பறிக்கிறது, அப்புறம் உறவுக்காரர்கள் சேர்ந்து மிச்சத்தையும் பறிக்கிறார்கள். இதைச் சடங்கு என்று சொல்லி ஏற்றுக்கொள்ள எனக்கு மனமில்லை. உங்கள் வீட்டில் அடுத்து ஒரு விசேஷம் வந்தால், கணவரை இழந்த அத்தையையோ சித்தியையோ முன்வரிசைக்குக் கூப்பிட்டு, முதல் குங்குமத்தை அவர் கையால் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒருத்தர் செய்தால் அடுத்த வீட்டில் செய்வார்கள்.

பழனி வட்டாரத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது என்பார்கள். தைப்பூசத்துக்கு ஊர் ஊராக நடந்து வந்து குவியும்போது, அடிவாரத்தில் இருக்கும் ஒரு குடும்பம் மட்டும் ஏறாமல் இருக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. இன்னும் துக்கத்தில் இருக்கிறோம் என்று வெளியே சொல்லாமலே சொல்வதற்கு அது ஒரு வழி. ஒரு வருஷம் ஆகும் என்று நம் முன்னோர் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு சரி. அப்படியானால், ஒரு மாதத்திலேயே "இன்னுமா அழுதுட்டு இருக்க?" என்று கேட்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

துக்கம் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எப்படி நடந்தது, எத்தனை மணிக்கு, முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கக் கூடாதா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறோம். முதல் இரண்டு நாள் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது அவர்களுக்கே தேவையாக இருக்கலாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். நீங்களாகத் தோண்டாதீர்கள். தற்கொலை நடந்த வீட்டில் அந்தக் கேள்வி கத்தி. குழந்தையைப் பறிகொடுத்தவர்களிடம், இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கரு கலைந்த பெண்ணிடம் அது ஒன்றுமே இல்லை என்பதுபோல் பேசாதீர்கள். போனவருடைய பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். அவர் செய்த ஒரு நல்ல காரியம் உங்களுக்கு ஞாபகம் இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

ஆண்களை நாம் அழவும் விடுவதில்லை. கொள்ளி வைத்த கையோடு கணக்குப் பார்க்க அனுப்பிவிடுகிறோம். மனைவியை இழந்த பெரியவர்கள் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது வெளியே தெரியாது. பிள்ளைகளிடமோ, அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று பொய் சொல்கிறோம். குழந்தை வாசலில் காத்திருக்கும். அப்பா இறந்துவிட்டார், இனி வர மாட்டார், நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

காகிதம் ஒரு பக்கம் இருக்கிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பேரூராட்சி அலுவலகத்தில் இறப்புச் சான்று, தாலுகா அலுவலகம் வழியாக வாரிசுச் சான்று, பிறகு வங்கிக் கணக்கு, பட்டா மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம். வழியில்லாத பெண்களுக்கு ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் உண்டு. இதெல்லாம் ஒவ்வொரு வரிசையாக நின்று வாங்க வேண்டியவை. தூங்காத கண்ணோடு, எழுதப் படிக்கத் தெரியாமல், தனியாகப் போய் நிற்கும் ஒரு பெண்ணுக்கு வரிசையில் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும். படித்த பிள்ளைகள் இருக்கிறீர்கள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போங்கள். ஆதார், ரேஷன் கார்டு, இறப்புச் சான்று மூன்றையும் பத்துப் பத்து நகல் எடுத்து ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள்.

மாதங்கள் போயும் சாப்பிட முடியவில்லை, தூக்கம் இல்லை, நானும் போய்விடலாம் என்ற நினைப்பு வருகிறது என்று யாராவது சொன்னால், அதைச் சும்மா பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குக் கூப்பிட்டால் பணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். 104லும் பேசலாம். எண்ணைத் தேடிப் போட்டு, போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.